தந்தியைத் தளர்த்தணுமாம்

செருப்பை வாசல்லயே விட்டுட்டு வாங்க தம்பி. கோவிச்சுக்காதீங்க, வீணை இருக்கிற கூடம். சிலிண்டர் போடுறவர்கூட இந்த வழியா வந்ததில்ல, சுத்திக்கிட்டு கொல்லைப் பக்கமாத்தான் வருவார். அந்த நாற்காலி வேண்டாம், இதுல உக்காருங்க. ஃபேன் போடுறேன். இந்தாங்க, காபி. போன்ல என்ன பேரு சொன்னீங்க, கதிரேசனா? நல்லது. உங்களைப் புக் பண்ணினது எம்பொண்ணு மங்கை, புனாவுல இருக்கா. நான் பண்ணல. அதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா உங்க கூரியர் கம்பெனியை நான் இன்னும் சோதிச்சுப் பாக்கல.

சோதிக்கிறதுன்னா விளையாட்டு இல்ல தம்பி. இந்தத் திருச்சியில நான் ஏறி இறங்காத கூரியர் ஆபீஸ் இல்ல. பொன்மலைப்பட்டியில ஒரு ஆபீஸ், அங்க போய் நின்னேன். என் கண்ணு முன்னாடியே ஒருத்தன் பார்சலைத் தூக்கி வீசுறான், இன்னொருத்தன் பிடிக்கிறான், ரெண்டு பேருக்கும் சிரிப்பு வேற. ஒண்ணும் சொல்லாம வந்துட்டேன். ஜங்ஷன் பக்கம் ஒண்ணு, உள்ள நுழைஞ்சா கருவாட்டு வாசனை. கருவாட்டு மூட்டைக்குப் பக்கத்துல வீணையை வெக்க முடியுமா? தில்லைநகர்ல ஏசி போட்ட ஆபீஸ். அந்தப் பொண்ணு மரியாதையாத்தான் பேசுச்சு, ஆனா "வீணைன்னா கிதார் மாதிரிதானே ஆன்ட்டி"ன்னு கேட்டுச்சு. அதோட எழுந்துட்டேன்.

அப்புறம் காலம்னு ஒண்ணு இருக்குல்ல. சித்திரை வைகாசியில அனுப்ப முடியாது. வீணையில தந்திக்கு அடியில இருக்கிற மெட்டுக் கம்பியெல்லாம் மெழுகுலதான் பதிச்சிருக்கும், லாரிக்குள்ள வெயில்ல கிடந்தா மெழுகு இளகி மெட்டு நகந்துடும். ஐப்பசி கார்த்திகை மழை, மரம் ஊறும். ஆடியில நல்ல பொருளை வீட்டை விட்டு அனுப்பக்கூடாது. மார்கழின்னா பனி. தை மாசம் அனுப்பிடலாம்னுதான் இருந்தேன், பொங்கல் கூட்டத்துல எவன் பத்திரமா பாத்துக்குவான்? "அம்மா, வருஷத்துல மொத்தம் எத்தனை மாசம்மா?"ன்னு கேக்குறா மங்கை. அவளுக்கு எப்பவும் எகத்தாளம்தான். அதுல மட்டும் என்னைக் கொண்டு பொறந்திருக்கா.

பரங்கிக்காய் விஷயத்தைச் சொன்னா நீங்க சிரிப்பீங்க. வெறும் வாய்ப்பேச்சை நம்பி வீணையைக் குடுக்க முடியாதுல்ல? அதனால ஒவ்வொரு கூரியர்லயும் முதல்ல ஒரு பரங்கிக்காய் அனுப்பிப் பாத்தேன். கனமா, உருண்டையா, கீழ போட்டா பொளந்துடுற மாதிரி, வீணைக் குடத்துக்கு அதைவிடப் பொருத்தமா வேற என்ன இருக்கு? அட்டைப்பெட்டியில வைக்கோல் அடைச்சு சேலத்துல என் நாத்தனார் வீட்டுக்கு அனுப்புவேன். போய்ச் சேர்ந்ததும் அடிபட்டிருக்கா இல்லையான்னு அவ போன்ல சொல்லணும். ஒண்ணுக்குக் காம்பு ஒடிஞ்சு போச்சு. காம்பு ஒடிஞ்சா வீணை முனையில இருக்கிற யாளி மூஞ்சி ஒடியாதா? அந்தக் கம்பெனி வேண்டாம்னுட்டேன். இன்னொண்ணு ஒரு கீறல்கூட இல்லாம மறுநாளே போய்ச் சேர்ந்துடுச்சு. மறுநாளே! அவ்வளவு வேகமா ஓட்டுறவன் பள்ளம் மேடு பாத்தா ஓட்டியிருப்பான்? அதுவும் வேண்டாம். மூணாவது ஒண்ணு நிதானமா, நல்லபடியாப் போய்ச் சேர்ந்துச்சு. அதுல என்ன குறைன்னு இப்ப ஞாபகம் இல்ல. ஆனா ஏதோ இருந்துச்சு.

நாத்தனார் போன வாரம் பொரிஞ்சு தள்ளிட்டா. "அண்ணி, இந்த வீட்டுல இனிமே யாரும் பரங்கிக்காய் திங்கமாட்டாங்க. கூரியர்க்காரங்க மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க அனுப்பப் போறதில்ல, அதைச் சொல்லுங்க"ன்னு. கேளுங்க இந்த நியாயத்தை. நானா அனுப்பமாட்டேங்கிறேன்? இது வீட்டை விட்டுப் போனா முதல் நிம்மதி எனக்குத்தான். பாதிக் கூடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு. இதைத் தாண்டித் தாண்டியே எனக்கு முட்டி தேஞ்சு போச்சு.

எங்க வீட்டுக்காரர் பேரா? வாசல்ல பலகையில எழுதியிருக்கே, பாத்துக்குங்க. நான் சொல்றதில்ல. சண்டை ஒண்ணும் இல்ல, சொல்லிப் பழக்கம் இல்ல. உங்க சம்சாரம் உங்களை எப்படிக் கூப்பிடுது? பேர் சொல்லியா! அட. நல்லா இருக்கட்டும். நான் கல்யாணமான நாள்லேருந்து "என்னங்க"தான். இவர் பொன்மலை ரயில்வே பட்டறையில ஃபிட்டர். பகல்லாம் இரும்போட இரும்பா கிடந்துட்டு வருவார், கை கழுவுவார், சோப்புப் போட்டு நகத்துக்குள்ள கறுப்பு போற வரைக்கும் கழுவுவார், இதுக்கு முன்னாடி உக்காந்துடுவார். அவ்வளவுதான், அன்னைய பொழுது முடிஞ்சுது. அப்புறம் நான் என்ன பேசினாலும் ஒரே பதில்தான். "ம்."

நெசமாத்தான் சொல்றேன். "என்னங்க, அரிசி தீந்துடுச்சு." "ம்." "என்னங்க, மோட்டார் ஓட மாட்டேங்குது." "ம்." எங்கப்பா செத்த சேதி வந்தப்ப ஓடி வந்து கத்துறேன், "என்னங்க, எங்கப்பா போயிட்டாராம்." அதுக்கும் "ம்"தான். அழுதுட்டுத் திரும்பிப் பாக்குறேன், சட்டையை மாட்டிக்கிட்டு, பையில என் சேலை ரெண்டை எடுத்து வெச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறார். ஆனா வாய் திறந்து ஒரு வார்த்தை, "அழாத"ன்னு ஒரு வார்த்தை? கிடையாது.

அதே மங்கை வாசல்ல நுழைஞ்சு "அப்பா"ன்னா போதும், எங்கேருந்துதான் வருமோ அவ்வளவு பேச்சு! கமகம்னும் சுருதின்னும் ரெண்டு பேரும் சிரிப்பும் கும்மாளமுமா இருப்பாங்க. நான் நடுவுல காபி கொண்டுபோய் வெப்பேன். எனக்கு அதுல வருத்தம் ஒண்ணும் கிடையாது. சும்மா சொல்றேன்.

என்ன, எழுந்துட்டீங்க? பாருங்க, தாராளமா பாருங்க. இருங்க, துணியை நானே எடுக்குறேன். தந்தியில விரல் படாம. ம், இதுதான். குடம் ஒரே மரத்துல கடைஞ்சது. நான் இதைத் தொட்டு வாசிச்சதில்ல, தூசி தட்டுறதோட சரி. என்ன சொன்னீங்க? தந்தியைத் தளர்த்தணுமா? எல்லாத்தையுமா?

இழுத்துக் கட்டின தந்தியோட பெட்டியில போட்டா வழியில ஒரு குலுக்கல்ல கழுத்துத் தண்டி முறிஞ்சுடும், அதானே? தெரியும் தம்பி. தில்லைநகர்ப் பொண்ணும் இதைத்தான் சொல்லுச்சு. ஆங், இப்ப ஞாபகம் வந்துடுச்சு பாருங்க. நல்லபடியாப் போய்ச் சேர்ந்துச்சே ஒரு பரங்கிக்காய், அந்தக் கம்பெனியில இதான் குறை. அவனும் தந்தியைத் தளர்த்தணும்னான்.

முதல்ல காபியைக் குடிங்க. ஆறிடப் போகுது.

அவர் போனதும் ஒரு காபி நேரத்துலதான். சாயங்காலம். நான் அடுப்பங்கரையில இருக்கேன், இவர் இங்க. சுருதி கூட்டுறது கேட்டுக்கிட்டே இருந்துச்சு, அப்புறம் நின்னு போச்சு. "என்னங்க, காபி"ன்னேன். பதில் இல்ல. "என்னங்க, ஆறுது." பதில் இல்ல. எனக்குச் சுர்ருன்னு வந்துடுச்சு. நாள் பூரா அடுப்புல வெந்துட்டு கூப்பிடுறேன், ஒரு "ம்" சொல்ல வலிக்குதான்னு அங்க நின்னபடியே திட்ட ஆரம்பிச்சேன். எங்கெங்கயோ இருந்த பழசெல்லாம் வந்துச்சு. எங்கம்மா வீட்டுக்கு விடாதது, தங்கச்சி கல்யாணத்துல மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டது, எல்லாத்தையும் கொட்டினேன். கடைசியா, "உசுரோடதான் இருக்கீங்களா, இல்லையா?"ன்னு கேட்டேன். கேட்டுக்கிட்டே காபியோட வந்து பாக்குறேன். சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்கார், வலது கை தந்தி மேல. மூஞ்சியில ஒரு வேதனையும் இல்ல. நான் திட்ட ஆரம்பிச்சப்ப இருந்தாரா, திட்டி முடிச்சப்ப இருந்தாரான்னு யாராலயும் சொல்ல முடியல. டாக்டரையும் கேட்டுப் பாத்தேன்.

காரியம் எல்லாம் முடிஞ்சு, வந்த ஜனம் போயிடுச்சு. மங்கையும் லீவு இல்லன்னு கிளம்பிட்டா. நான் ஒருத்தி. சாயங்காலம் பழக்க தோஷத்துல ரெண்டு தம்ளர் காபி கலந்துட்டேன். கலந்துட்டு, என்ன ஏதுன்னு யோசிக்காம இந்த வாசப்படியில நின்னு "என்னங்க"ன்னு கூப்பிட்டுட்டேன்.

"ம்"னு வந்துச்சு.

தம்ளரைக் கீழ வெக்கவும் தோணல, பிடிக்கவும் தோணல. திரும்பக் கூப்பிட்டேன். திரும்ப வந்துச்சு. மெதுவா, வாயை மூடிக்கிட்டே சொல்ற மாதிரி. அவர் எப்படிச் சொல்வாரோ அப்படியே.

நான் பைத்தியம் இல்ல தம்பி. ஒரு சத்தத்துக்கு இன்னொண்ணு அதிரும்னு எனக்கும் தெரியும். பட்டறையில சங்கு ஊதினா இந்தத் தந்தி தானா முனகும், அவரே கூப்பிட்டுக் காட்டியிருக்கார். அவர் கடைசியாக் கூட்டி வெச்ச சுருதி, என் குரலும் அதுவும் எங்கயோ ஒத்துப் போகுது, அதனால அதிருது. எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் தினம் கூப்பிடுறேன். "என்னங்க, மழை வரும் போல." "ம்." "என்னங்க, நாத்தனார் என்னை ஏசுறா." "ம்." முந்தி எரிச்சலா வரும். இப்ப அது வரலன்னா சோறு எறங்க மாட்டேங்குது.

ஒரே ஒரு கஷ்டம். வர வர அவர் தூரமா போறார். முன்ன சாதாரணமாக் கூப்பிட்டாலே கேக்கும். அப்புறம் கொஞ்சம் குரலை இறக்கினாத்தான் பதில் வந்துச்சு. அப்புறம் இன்னும் இறக்கணும். இப்பல்லாம் அடித்தொண்டையில, ஆம்பளை மாதிரி, இப்படி, "என்னங்க"ன்னு... பயந்துட்டீங்களா? எதிர்வீட்டு பிலோமினா டீச்சரும் இப்படித்தான் பயந்துட்டாங்க. என் வீட்டுல ஆம்பளைக் குரல் கேக்குதாம். அவரே என் மேல இறங்கிட்டார்னு தெருவெல்லாம் பேச்சு. டீச்சர் ஜெபம் பண்ண ஆள் கூட்டிட்டு வரேன்னாங்க, கீழத்தெரு பாக்கியம் வேப்பிலை அடிக்கலாம்னா. ரெண்டும் வேண்டாம்னுட்டேன். வந்தவரை ஏன் விரட்டணும்?

என்ன தம்பி சொல்றீங்க? தொடாம வெச்சாலும் தந்தி தானா தளருமா?

தானாவா?

அப்போ நான் தளர்த்தலன்னாலும்... சரி, சரி. சொல்லாதீங்க. புரியுது. அவர் தூரமா போகல, தந்தி இறங்குது. அது கூடவே நானும் இறங்கிக்கிட்டே போயிருக்கேன். ஒருநாள் என் தொண்டைக்கு எட்டாத இடத்துக்குப் போயிடும், அதானே?

மங்கைக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்கு ஒரே பிடிவாதம், வீணை வேணும். பாவம், அவ கஷ்டம் அவளுக்கு. அன்னைக்கு மத்தியானம் இவர் அவளுக்குப் போன் போட்டிருக்கார். இவ மீட்டிங்ல இருந்தாளாம், கட் பண்ணிட்டா. அப்புறம் பேசுவோம்னு விட்டுட்டா. சாயங்காலம் நான் போன் பண்றேன், அப்பா இல்லன்னு. என்ன சொல்லக் கூப்பிட்டார்னே தெரியாம போச்சேன்னு இன்னைக்கும் அழுவா. நான் அதைச் சொல்லிக் காட்டினதே கிடையாது. ஒரே ஒரு தடவைதான் சொன்னேன், கோவத்துல.

ரெண்டு மாசம் முன்னால ஒரு நாள் அவ போன்ல பேசிக்கிட்டிருந்தா. எனக்குக் கையில வேலை, ஸ்பீக்கர்ல போட்டு, வைக்க இடம் இல்லாம இந்தக் குடத்து மேல வெச்சுட்டேன். பேசிக்கிட்டே இருந்தவ திடீர்னு உடைஞ்சு போய் "அப்பா"ன்னு ஒரு சத்தம் போட்டா. அவ்வளவுதான் தம்பி, தந்தி மொத்தமும் ஒண்ணா எழுந்துச்சு. எனக்கு வர்ற மாதிரி "ம்" இல்ல. நீளமா, நிறைய, கூடம் பூரா. இத்தனை மாசமா நான் தொண்டை வலிக்கக் கூப்பிடுறேன், எனக்கு ஒரு "ம்." அவ எங்கேயோ புனாவுல இருந்து ஒரு தடவை கூப்பிட்டா, அவளுக்கு அவ்வளவும்.

"அம்மா, என்னம்மா சத்தம் அது? அப்பா வாசிக்கிற மாதிரி"ன்னு கேட்டா. குக்கர்டீன்னு சொல்லிட்டேன். அதுலேருந்து அவ போன் வந்தா தெருவுக்குப் போய்த்தான் பேசுவேன். உள்ள டவர் சரியாக் கிடைக்கிறதில்ல.

இருங்க, அவதான் கூப்பிடுறா. உங்களுக்கும் அடிச்சிருப்பா, நீங்க வந்தீங்களா, நான் விரட்டிட்டேனான்னு பாக்க. இல்ல, உக்காருங்க. தெருவுக்குப் போகல. இங்கயே பேசுறேன்.

சொல்லுடி. ம், வந்திருக்கார். நல்ல மனுஷன்தான். பெட்டியும் நல்லாத்தான் இருக்கு... இல்ல, திருப்பி அனுப்பல. பரங்கிக்காய் எல்லாம் குடுக்கல, வாயை மூடு. மங்கை, ஒண்ணு சொல்றேன், ஏன் எதுக்குன்னு கேக்காத. போனை வீணை மேல வெக்கிறேன். அப்பாவைக் கூப்பிடு. எனக்கு ஒண்ணும் ஆகல, புத்தி நல்லாத்தான் இருக்கு. நீ வாசல்ல நுழையிறப்ப கூப்பிடுவியே, அப்படிக் கூப்பிடு. சத்தமா.

கேட்டீங்களா தம்பி? நீங்களும் கேட்டீங்கல்ல?

மங்கை. மங்கை, இரு, அழாத. குக்கர் இல்லடி. அன்னைக்கும் குக்கர் இல்ல. ஆமா, உனக்குத்தான். எனக்கு இவ்வளவு வராது, உனக்குத்தான் இவ்வளவு வருது. நீ அன்னைக்குப் போனை எடுக்கலன்னு அவருக்குக் கோவம் இருந்தா இப்படி வருமா, சொல்லு? இங்க பாரு, வழியில தண்டி முறியாம இருக்கத் தந்தியைத் தளர்த்தித்தான் அனுப்பணுமாம். வந்ததும் நீயே சுருதி கூட்டிக்கோ. உனக்கு எந்தச் சுருதி ஒத்து வருமோ அதுல வெச்சுக்கோ, என்னைக் கேக்காத. கூட்டிட்டு, பக்கத்துல உக்காந்து கூப்பிட்டுப் பாரு. நானா? நான் எதுக்கு அங்க? வீட்டைப் பூட்டிப் போட்டுட்டு வர முடியுமா? பாக்கலாம். பாக்கலாம்னு சொல்றேன்ல. வெச்சிடு, அவருக்கு நேரமாகுது.

தளர்த்துங்க தம்பி.

அந்தப் பக்கம் இருக்கே, முறுக்குற கட்டை, அதான். நான் அடுப்பங்கரைக்குப் போகல. அன்னைக்கு அங்க நின்னது போதும். மெதுவா. அப்படித்தான். சத்தம் இறங்குது பாருங்க. என்ன மாதிரி இறங்குது. அடுத்தது. அந்தச் சின்னதையுமா? சரி, அதையும். முழுசா அவிழ்க்காதீங்க, தொங்குற மாதிரி விட்டாப் போதும், அவ திரும்பக் கூட்டிக்குவா.

தூக்கி வெச்சுட்டீங்களா? குடத்துக்கு அடியில இன்னும் கொஞ்சம் பஞ்சு வைங்க. யாளி மூஞ்சி பக்கம் இடிக்கக்கூடாது. ம், போதும். ஒரு நிமிஷம், மூடிப் பலகையைப் போடாதீங்க. ஒரே ஒரு நிமிஷம்.

என்னங்க.

என்னங்க, மங்கை வீட்டுக்கு அனுப்புறேன். போயிட்டு வாங்க.

என்னங்க.

வரல. பாத்தீங்கல்ல தம்பி, வரல. ஆனா நான் திட்டல. நீங்கதான் சாட்சி, இந்தத் தடவை நான் ஒண்ணும் திட்டல. மூடுங்க.